கலப்பின முயல் குட்டி எவ்வளவு எடை இருக்க வேண்டும்? தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

முயல் குட்டி வந்த வீட்டில் முதல் வாரத்திலேயே எழும் கேள்வி: "இந்த வயசுக்கு இது சரியான சைஸா? இன்னும் பெருசாகுமா, இவ்வளவுதானா?" இணையத்தில் தேடினால் இனவாரியாக எடைப் பட்டியல்கள் கிடைக்கும். நம் வீட்டுக் குட்டி மட்டும் எந்தப் பட்டியலிலும் இருக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் செல்லமாக வளர்க்க வாங்கும் முயல்களில் பெரும்பாலானவை கலப்பினம்தான். கறிக்காக வளர்க்கும் பெரிய ரகமும் கடைகளில் விற்கும் சின்ன ரகமும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பது விற்றவருக்கே தெரியாது.

அதனால் "இத்தனை மாதத்துக்கு இத்தனை கிராம்" என்று ஒரே எண்ணைச் சொல்லி முடித்துவிட முடியாது. வாராவாரம் எடை ஏறுகிறதா, முதுகைத் தடவினால் கைக்கு என்ன தட்டுப்படுகிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். கீழே எண்களும் தருகிறேன், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும்.

முதல் வேலை: உண்மையான வயதைக் கண்டுபிடிப்பது

"ரெண்டு மாசக் குட்டி" என்று சொல்லி விற்பவை பலவும் நாலு வாரக் குட்டிகள். உள்ளங்கையில் உட்காரும் குட்டிதான் சீக்கிரம் விலைபோகும் என்பதால் தாயிடமிருந்து அவசரமாகப் பிரித்துவிடுகிறார்கள். குட்டி சின்னதாக இருக்கிறதே என்று கவலைப்படுவதற்கு முன் அதன் வயதை நீங்களே சரிபாருங்கள். குட்டி சின்னது என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு வயதுக் கணக்குதான் தப்பாக இருக்கிறது.

முயல் குட்டி பிறக்கும்போது உடம்பில் ரோமம் இருக்காது, கண் மூடியிருக்கும். ஒரு வாரத்தில் ரோமம் மூடிவிடும். பத்து முதல் பன்னிரண்டாம் நாளுக்குள் கண் திறக்கும். மூன்றாவது வாரத்தில் கூட்டை விட்டு வெளியே வந்து தாய் தின்னும் புல்லைக் கொறிக்கப் பழகும். அதற்குப் பிறகும் பால் குடிக்கும். செல்லமாக வளர்க்கக் கொடுப்பதென்றால் எட்டு வாரம் தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருந்துவிட்டு வருவதுதான் நல்லது.

நாலு வாரக் குட்டிக்கு முகம் உருண்டையாக, மூக்குப் பகுதி குட்டையாக இருக்கும். தலை உடம்பைவிடப் பெரிதாகத் தெரியும், காது குட்டையாக இருக்கும், ரோமம் பஞ்சு போல நிற்கும். வழவழப்பான தரையில் விட்டால் கால் அகன்று தடுமாறும். எட்டு வாரம் ஆனதற்கு முகம் நீண்டு, காதும் நீண்டு, பின்னங்கால் உடம்புக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். குறுக்கே ஓடும், திரும்பும், துள்ளும். உலர்ந்த தீவனத்தைக் கடகடவென்று மென்று தின்னும். ஆண் குட்டியில் விதைப்பை இறங்குவது பத்து முதல் பன்னிரண்டு வாரத்தில். அது தெளிவாகத் தெரிந்தால் குட்டிக்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிவிட்டது என்று கணக்கு வைக்கலாம்.

வயது குறைந்த குட்டியாகத் தெரிந்தால் எடையைப் பற்றிய கவலையை ஓரமாக வையுங்கள். அந்த வயதில் பெரிய ஆபத்து கழிச்சல். பசும்பால், பாக்கெட் பால், பிஸ்கட், சோறு எதுவும் கூடாது. விற்றவர் என்ன தீவனம் கொடுத்தாரோ அதையே ஒரு வாரம் தொடர்ந்து கொடுங்கள், கூடவே புல்லும் தண்ணீரும் எந்நேரமும் இருக்கட்டும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி, தை மாத ராத்திரிகளில் அட்டைப்பெட்டிக்குள் காய்ந்த புல்லைக் கெட்டியாகப் பரப்பி, காற்று நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள்.

விற்பவர்கள் சொல்லும் இரண்டு கதைகளையும் இங்கேயே முடித்துவிடலாம். ஒன்று, "இது குள்ள ரகம், பெருசாகவே ஆகாது." நிஜமான குள்ள முயல் வளர்ந்த பிறகும் ஒரு கிலோவை ஒட்டித்தான் நிற்கும். காது ஏறக்குறைய 5 சென்டிமீட்டர், முகம் தட்டை. எந்த ரகமானாலும் நாலு வாரக் குட்டி குள்ளமாகத்தான் தெரியும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்னொன்று, "காட்டு முயல் கலப்பு சார், அதான் இந்த நிறம்." நம் காடுகளில் இருக்கும் காட்டு முயலும் வீட்டு முயலும் வேறு வேறு இனங்கள். காட்டு முயலுக்கு 48 குரோமோசோம், வீட்டு முயலுக்கு 44. இரண்டும் சேர்ந்து குட்டி போடாது. காட்டு முயல் குட்டி பிறக்கும்போதே ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். கொல்லையில் அறுவடையின்போது அப்படி ஒன்று கிடைத்தால் எடுத்து வந்து வளர்க்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். தாய் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும், இருட்டிய பிறகு வந்து பால் கொடுக்கும்.

அடுத்து: எவ்வளவு பெரிதாகும் என்று ஊகிப்பது

தாய் தகப்பனைப் பார்க்க முடிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். பண்ணையிலோ தெரிந்தவர் வீட்டிலோ வாங்குபவர்கள் கூச்சப்படாமல் "அம்மா அப்பாவைக் காட்டுங்க" என்று கேட்கலாம். கலப்பினக் குட்டி பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கும். தாய் ஒன்றரை கிலோ, ஆண் நாலு கிலோ என்றால் குட்டி இரண்டரை, மூன்று கிலோவுக்குப் போகலாம்.

தமிழ்நாட்டில் கறிக்கு வளர்க்கும் வெள்ளை ஜெயன்ட், சாம்பல் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை ஆகியவை நாலு கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ போகும். கொடைக்கானல் மன்னவனூரில் இருக்கும் மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா வகைகளை விவசாயிகளுக்கு வளர்த்துக் கொடுக்கிறது. இப்படிப் பரவிய ரத்தம் கீழ்நாட்டுக் கூண்டுகளிலும் கலந்திருக்கும். சின்ன ரகத்தில் டச்சு முயல் இரண்டு கிலோவை ஒட்டி நிற்கும். பிடரி ரோமம் வைத்த லயன்ஹெட் ஒன்றரை கிலோ வரை. நான் பார்த்த வரை, வீடுகளில் வளரும் கலப்பினம் ஒன்றரையிலிருந்து இரண்டரை கிலோவுக்குள் நிற்பதுதான் அதிகம்.

தாய் தகப்பன் தெரியாவிட்டால் காதையும் பின்னங்காலையும் பாருங்கள். இரண்டு மாதத்தில் காது தலையைவிட நீளமாக, பின்னங்கால் பாதம் பெரிதாக இருந்தால் பெரிய உடம்பு வரப்போகிறது. காது குட்டையாக, பாதம் சிறுத்து இருந்தால் சின்ன உடம்பு. இது ஊகம்தான், ஆனாலும் கூண்டு வாங்குவதற்கு இது போதும். சந்தேகமாக இருந்தால் பெரிய கூண்டாகவே வாங்குங்கள்.

எடைக் கணக்கு

வளர்ந்த பிறகு இரண்டு கிலோ வரப்போகும் நடுத்தரக் கலப்பினத்தை எடுத்துக்கொள்வோம். பிறக்கும்போது 40 கிராம் அளவில் இருக்கும். ஒரு வாரத்தில் அது இரண்டு மடங்காகும். நாலு வாரத்தில் 250 முதல் 350 கிராம். எட்டு வாரத்தில் 700 முதல் 900 கிராம். மூன்று மாதத்தில் ஒரு கிலோவைத் தாண்டி 1.3 கிலோ வரை. நாலு மாதத்தில் ஒன்றரை கிலோவை ஒட்டி. ஆறு மாதத்தில் ஏறக்குறைய முழு எடை.

கறி ரக ரத்தம் அதிகமுள்ள குட்டி என்றால் நாலு வாரத்திலேயே அரைக் கிலோ இருக்கும், எட்டு வாரத்தில் ஒரு கிலோவைத் தாண்டும், மூன்று மாதத்தில் இரண்டு கிலோவை ஒட்டி வரும். அப்புறமும் எட்டு, பத்து மாதம் வரை மெதுவாக ஏறிக்கொண்டே போகும். சின்ன ரகக் கலப்பு எட்டு வாரத்தில் அரைக் கிலோதான் இருக்கும், ஐந்தாவது மாதத்தோடு வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும்.

பார்த்தீர்களா, ஒரே இரண்டு மாத வயதில் அரைக் கிலோவும் சரி, ஒன்றே கால் கிலோவும் சரி. பக்கத்து வீட்டு முயலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள்ளேயே வித்தியாசம் வரும். எட்டு, ஒன்பது குட்டி போட்ட தாயிடம் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பால் குறைவு, அந்த ஈற்றுக் குட்டிகள் பால் மறக்கும்போது சிறுத்தே இருக்கும். நல்ல தீவனம் கிடைத்தால் பின்னால் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

பெற்றோரின் எடை தெரியுமென்றால் ஒரு மனக்கணக்கு உதவும். எட்டு வாரத்தில் முழு எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், நாலு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு அல்லது அதற்கும் சற்று மேல். இதைத் திருப்பிப் போட்டால், நாலு மாதக் குட்டியின் எடையோடு அதில் பாதியைக் கூட்டினால் வளர்ந்த எடை தோராயமாகக் கிடைக்கும். பெரிய ரகத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

எடை போடும் முறை

சமையலறையில் வைக்கும் எலக்ட்ரானிக் தராசு போதும், 5 கிலோவோ 10 கிலோவோ தாங்குவதாக இருக்கட்டும். ஆள் ஏறி நிற்கும் எடைமெஷின் குட்டிக்கு உதவாது, ஐம்பது நூறு கிராம் வித்தியாசத்தை அது சரியாகக் காட்டாது. தராசு மேல் ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்து, உள்ளே துண்டு விரித்து, எண்ணைச் சுழியமாக்கிவிட்டுக் குட்டியை உட்கார வையுங்கள். வாரம் ஒரு முறை, அதே கிழமை, காலையில் தீவனம் வைப்பதற்கு முன். வயிறு நிறையத் தின்ற முயலுக்கும் பசியோடிருக்கும் முயலுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும், நேரம் மாறினால் கணக்கே கெட்டுவிடும். எண்ணைச் சுவர்க் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்திலேயே எழுதிவிடுங்கள். வீட்டில் தராசு இல்லாவிட்டால் மளிகைக்கடை அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள், அட்டைப்பெட்டியோடு எடை போட்டுவிட்டுப் பெட்டி எடையைக் கழித்துக்கொள்ளலாம்.

காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒரு கையை மார்புக்கு அடியிலும் இன்னொரு கையைப் புட்டத்துக்கு அடியிலும் கொடுத்து, உங்கள் உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். பின்னங்கால் தொங்கினால் உதைக்கும், அந்த உதையில் அதன் முதுகெலும்பே முறிந்துபோகலாம்.

நடுத்தரக் குட்டி என்றால் ஐந்தாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை வாரத்துக்கு 80 முதல் 120 கிராம் ஏற வேண்டும். பெரிய ரகக் கலப்புக்கு 150 கிராமுக்கு மேல். மூன்று மாதத்துக்குப் பிறகு வேகம் குறையும், அது இயல்பு. மூன்று மாதத்துக்குக் கீழே இருக்கும் குட்டி இரண்டு வாரம் தொடர்ந்து ஒரே எடையில் நின்றாலோ, ஒரு வாரம் குறைந்தாலோ, காரணம் தேட வேண்டும்.

கையால் தடவிப் பார்ப்பது

தராசைவிட இதை நான் நம்புவேன். கழுத்திலிருந்து வால் வரை கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். முதுகெலும்புக் கணுக்கள் மேடாகத் தெரிந்து, ஆனால் மேலே சதை மூடி மழுங்கலாக இருந்தால் குட்டி நல்ல நிலையில் இருக்கிறது. ஒவ்வொரு கணுவும் கூராகக் குத்தினால் மெலிவு. எலும்பே தட்டுப்படாவிட்டால் கொழுப்பு, குட்டிகளில் இது அபூர்வம். விலா எலும்பும் லேசாகத் தட்டுப்பட வேண்டும்.

வயிறு மட்டும் பானை மாதிரி உப்பி, முதுகு கூராக இருக்கும் குட்டியைப் பார்த்து "நல்லா தின்னுது, தொப்பை போட்டிருக்கு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. ஒன்று முதல் நாலு மாத வயதில் இந்தத் தோற்றம் இருந்தால் ரத்தக்கழிச்சல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். குடலிலோ ஈரலிலோ நுண்ணுயிர் பெருகுவதால் வரும் நோய் இது. ஈரமான, கழிவு தேங்கிய கூண்டில் வேகமாகப் பரவும். சில குட்டிகளுக்குக் கழிச்சல் வெளியே தெரியாமலே வளர்ச்சி நின்றுபோகும். புழுக்கையை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனால் பரிசோதித்து மருந்து சொல்வார்.

வளர்ச்சி நின்றால் முதலில் பார்க்க வேண்டியது தீவனம்

தீவனத்தில் பெரும்பகுதி புல்லும் காய்ந்த தழையுமாக இருக்க வேண்டும். நம் இரண்டு மாவட்டங்களிலும் இதற்குப் பஞ்சமில்லை. குதிரை மசால், வேலி மசால், அருகம்புல், கொழுக்கட்டைப் புல் எல்லாம் நல்லவை. குதிரை மசாலில் புரதமும் கால்சியமும் அதிகம், ஆறு மாதம் வரை தாராளமாகக் கொடுக்கலாம். காய்ந்த கடலைக்கொடியும் நன்றாக இருக்கும், ஆனால் பூஞ்சை வாடையோ கருப்பு தட்டியதோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். வைக்கோலைவிட ராகித்தட்டு மேல், எந்நேரமும் கொறிக்கக் கூண்டில் ஒரு பிடி போட்டு வைக்கலாம்.

எனக்குப் பிடித்தது மல்பெரி இலை. பட்டுப்புழு வளர்க்கும் தோட்டம் பக்கத்தில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். பூச்சிமருந்து பட்ட இலையைத் தின்றால் புழு செத்துப்போகும் என்பதால் அந்தத் தோட்டக்காரர்கள் மருந்து விஷயத்தில் கவனமாக இருப்பார்கள். அதற்கு நேர்மாறு ஓசூர்ப் பக்கத்து ரோஜாவும் முட்டைகோஸ் மேலிலையும். மருந்து எப்போது அடித்தார்கள் என்று தெரியாமல் கொடுக்காதீர்கள். முட்டைகோஸ் குட்டிகளுக்கு வயிறு உப்பவும் வைக்கும். பாலக்கோடு, இராயக்கோட்டைப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் தக்காளிச் செடியின் இலையும் தண்டும் விஷம், மரவள்ளி இலையும் அப்படித்தான். மாம்பழ சீசனில் ஒரு சின்னத் துண்டு பழம் கொடுத்தால் தப்பில்லை, தட்டு நிறைய வைத்தால் கழிச்சல் நிச்சயம்.

முயலுக்கென்று விற்கும் குருணைத் தீவனம் கிடைத்தால் ஒரு கிலோ எடைக் குட்டிக்கு நாளைக்கு 40, 50 கிராம் வையுங்கள். கிடைக்கவில்லை என்று கோழித்தீவனம் வாங்கிப் போடாதீர்கள். கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமலிருக்க அதில் சேர்க்கும் சில மருந்துகள் முயலைக் கொன்றுவிடும். இரண்டு குட்டிகள் ஒரே தட்டில் தின்கிறதென்றால் தனித்தனித் தட்டு வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும்.

வெயிலும் கணக்கில் உண்டு

முயலுக்குப் பிடித்தது 15 முதல் 25 டிகிரி. முப்பதைத் தாண்டினால் தீவனம் தின்பதைக் குறைத்துக்கொள்ளும், எடையும் நின்றுவிடும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் வளரும் குட்டியும், சித்திரை வெயிலில் அரூரிலோ பென்னாகரத்திலோ வளரும் குட்டியும் ஒரே வேகத்தில் எடை போடாது. மார்ச் முதல் மே வரை வாராந்திர ஏற்றம் குறைந்தால் தீவனத்தைக் குறை சொல்வதற்கு முன் கூண்டு இருக்கும் இடத்தைப் பாருங்கள். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வைக்கவே கூடாது. தீவனத்தை அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் கொடுங்கள். தண்ணீர் நிரப்பி உறைய வைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் போட்டால் அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் தாமதிக்காதீர்கள், காதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் கிளம்புங்கள்.

பல், சொறி, மற்றவை

முன்பல் வாழ்நாள் முழுக்க வளரும், வாரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகப் பொருந்தாத குட்டி தின்ன ஆசைப்பட்டு வந்து, வாயில் எடுத்துக் கீழே போட்டுவிடும். உதட்டை விலக்கிப் பார்த்தாலே தெரியும். நீங்களே நகவெட்டியால் வெட்டாதீர்கள், பல் பிளந்துவிடும்.

காது ஓரம், மூக்கு, நகக்கணு பக்கம் சாம்பல் நிறத்தில் பொருக்கு தட்டினால் சொறி. அரிப்பினாலேயே குட்டி இளைத்துப்போகும். மருத்துவர் ஊசி போட்டால் சரியாகிவிடும், இடைவெளி விட்டு மறுபடியும் போட வேண்டியிருக்கும். நாய்க்கு முதுகில் விடும் ஃபிப்ரோனில் சொட்டுமருந்து முயலுக்கு ஆகாது. வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கவும் கூடாது, அது குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களை அழித்து உயிருக்கே உலைவைக்கும்.

எடை என்ன காட்டினாலும், பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் அது அவசரம். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் முதலில் காட்டுங்கள். முயல் பார்த்துப் பழகிய மருத்துவர் தேவைப்பட்டால், தருமபுரிக்காரர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு ஹெப்பால் கால்நடைக் கல்லூரி. காலண்டரில் எழுதிய எடைகளைப் படம் எடுத்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

மூன்று மாதத்துக்குப் பிறகு

ஆணையும் பெண்ணையும் மூன்று மாதத்தில் பிரித்துவிடுங்கள், கூடப் பிறந்தவையாக இருந்தாலும் சரி. சின்ன ரகம் நாலு மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். வளர்ந்து முடியாத பெண் முயல் சினையானால் அதன் வளர்ச்சி அதோடு தடைப்படும். ஆணோடு இருந்த நாலு ஐந்து மாதப் பெண் முயலின் எடை திடீரென்று கூடினால் அது தீவனத்தால் அல்ல, சினையாக இருக்கலாம். சினைக்காலம் 31 நாள்தான், சீக்கிரம் காட்டிவிடுவது நல்லது.

ஆறு, ஏழு மாதத்தில் எடை நின்றதும் வாராந்திர எடை தேவையில்லை, மாதம் ஒரு முறை போதும். குருணைத் தீவனத்தை ஒரு கிலோ எடைக்கு 20, 25 கிராமாகக் குறைத்து, குதிரை மசாலுக்குப் பதில் சாதாரணப் புல்லை அதிகமாக்குங்கள், ஒரே நாளில் மாற்றாமல் இரண்டு வாரத்தில். பெண் முயலுக்குத் தாடைக்குக் கீழே ஒரு சதை மடிப்பு வரும், அது கட்டி அல்ல. வளர்ந்த முயல் பத்தில் ஒரு பங்கு எடையை இழந்தால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.